அப்ரோச் என்பது அணுகுமுறை அன்று

விமானம் ஓடுபாதையை நெருங்குவதைக் குறிக்கும் 'அப்ரோச்' என்ற ஆங்கிலச் சொல்லை 'அணுகுமுறை' என்றே பெயர்த்துவருகிறார்கள். 'செயற்கைக்கோள் வழிகாட்டும் தரையிறங்கு அணுகுமுறை' என்ற தொடரைப் பலமுறை பொறுத்துக்கொண்டேன். 'விமானி தம் அணுகுமுறையைக் கைவிட்டு மேலெழும்பினார்' என்று அண்மையில் ஒரு செய்தியில் கேட்டபின் பொறுக்க இயலவில்லை. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாததால் மீண்டும் உயரே போனவரை, மனப்போக்கை மாற்றிக்கொண்டவராக்கிவிட்டது அந்த வாக்கியம்.

இலத்தீனத்தில் அருகு எனப் பொருள்படும் 'ப்ரோபே' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அப்ரோச்' ஆயிற்று. நெருங்குதலே மூலப்பொருள், ஒன்றைக் கையாளும் விதம் என்பது பின்னர்க் கிளைத்தது. அண்மை, அண்டு, அணுகு எல்லாம் நம்மிடம் ஓரினச் சொற்களே. 'அகலாது அணுகாது' என்னும் குறளிலும் தீக்காய்பவரின் நெருக்கமே பேசப்படுகிறது.

வானூர்தியியலில் அப்ரோச் என்பது ஓடுபாதையை நோக்கி நெருங்கிவரும் பறப்பின் கட்டம். ஐ.எல்.எஸ். என்னும் தரையிறங்கு வழிகாட்டி ஏற்பாட்டில் தரையில் நிறுவிய அலைபரப்பிகளுள் ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டையும், இன்னொன்று ஏறத்தாழ 3 பாகைச் சரிவையும் விமானிக்குக் காட்டுகின்றன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் அத்தரைக்கருவிகளின் துணையின்றி, இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய 'ககன்' என்னும் செயற்கைக்கோள் அமைப்பு ஜி.பி.எஸ். இடக்கணிப்புக்குத் தரும் திருத்தக் குறிப்புகளைக் கொண்டு இறங்கியது. அங்கே மாறியது வழிகாட்டும் குறிப்பு வரும் இடம். ஓடுபாதையை நோக்கிச் சரிந்து நெருங்கும் செயல் மாறவில்லை. 'புதிய அணுகுமுறை' என்று எழுதினால், தரையிறங்குவதைப் பற்றிய சிந்தனையே புதிதாகிவிட்டது என்றுதானே வாசகர் கொள்வார்?

'முறை' என்ற ஒட்டு கெடுப்பது இதை மட்டுமன்று. விமானி பின்பற்ற வேண்டிய உயரம், திசை, திருப்பம் ஆகியவற்றை வரிசையாக வகுத்துத் தரும் நெறிக்கு 'ப்ரொசீஜர்' என்று தனிச்சொல் உண்டு. அப்ரோச்சை அணுகுமுறை என்றால் 'அப்ரோச் ப்ரொசீஜர்' 'அணுகுமுறை நடைமுறை' ஆகும். அவ்வாறே அச்சிட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். இறங்காமல் மீண்டும் மேலெழும்புவதைக் குறிக்கும் 'மிஸ்ட் அப்ரோச்' என்பதற்குத் 'தவறிய அணுகுமுறை' என்று எழுதுவோர், முறைப்படி செய்த பாதுகாப்பான செயலை விமானியின் பிழையாகக் காட்டுகிறார்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, விமானம் அப்போது என்ன செய்கிறது என்று கேளாமல் விடுவதே நம் மொழிபெயர்ப்பாளர்களின் பெருங்குறை.

தரையிறக்கம் என்பதும் பொருந்தாது. சக்கரம் தரை தொடுவது வேறு, அதற்கு முந்தைய நெருக்கம் வேறு. அணுகிய விமானம் இறங்காமலும் போகலாம். ஆகவே அணுகல் என்பதே போதும். கணினித் துறையில் அச்சொல் 'ஆக்சஸ்' என்னும் வேறு பொருளில் வழங்குவதால் மயக்கம் நேரும் இடத்தில் தரையணுகல் எனலாம். செயற்கைக்கோள்வழித் தரையணுகல், அணுகல் நடைமுறை, கைவிட்ட அணுகல் என மற்றவை தாமே அமைகின்றன. அந்தச் செய்தியும் 'விமானி அணுகலைக் கைவிட்டு மேலெழும்பினார்' என்று நேராக நின்றிருக்கும்.