ஊசிமுனைக் காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பொக்லைன் பழுதுபார்க்கும்போது விரல் நசுங்கினால் யாரும் தாமதிப்பதில்லை. ரத்தத்தைப் பார்த்ததுமே கிடைத்த வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கை அறுவை சிகிச்சை செய்பவனாக நான் அதிகம் பயப்படுவது ரத்தமே வராத ஒரு காயத்துக்கு. "ஹோஸில ஆயில் லீக் எங்கேன்னு தடவிப் பார்த்தேன் சார், சுருக்குன்னுச்சு, துடைச்சுட்டு வேலையைப் பார்த்தேன்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறுநாள்தான் வருகிறார்கள்.

ஓடுகிற பொக்லைனின் ஹைட்ராலிக் லைனில், அதாவது அழுத்தத்தோடு ஆயில் ஓடும் குழாயில், அழுத்தம் 300 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டும். லாரி டயரில் அடிக்கும் காற்று 8 பார் சொச்சம்தான். தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும். ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தாலும் அங்கிருந்து பீறிடும் ஆயில் கையுறையைத் துளைத்து விரலுக்குள் இறங்கிவிடும். இறங்கிய இடத்திலும் நிற்காது. தசையை எலும்போடு இணைக்கும் நார் போன்ற தசைநாணின் உறை வழியாக உள்ளங்கைக்கும், சிலருக்கு முன்கை வரைக்கும் ஓடும். கிரீஸ் கன்னும் இதே வேலையைச் செய்யும். நம் கொங்குப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

முதல் சில மணி நேரம் பெரிய வலி இருக்காது. லேசாக மரத்திருக்கும், அவ்வளவுதான். ஏமாறுவது அங்கேதான். பிறகு விரல் வீங்கி, விறைத்து, வெளுத்துப்போகும். உள்ளே அடைத்த ஆயில் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. ரசாயனமாகவும் திசுவை அரிக்கிறது.

குவாரியில் ஹெல்பராக இருந்த ஒரு தம்பிக்கு இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரே ஒரு புள்ளி. பக்கத்துக் கிளினிக்கில் டிடி ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் இரவு என்னிடம் வந்தார். விரலைத் திறந்ததும் ஆபரேஷன் தியேட்டர் முழுக்க ஒர்க்‌ஷாப் வாடை. தசைநாண் நெடுக மஞ்சளாக ஆயில் பளபளத்தது. பல முறை திறந்து கழுவியும் அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த வகைக் காயங்கள் பற்றி உலகெங்கும் வெளியான மருத்துவப் பதிவுகளைத் தொகுத்தாலும், ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது. 6 மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்தால் வாய்ப்பு கூடும்.

ஆகவே சுருக்கென்று குத்தியதுமே கிளம்புங்கள். பிதுக்க வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் எதுவும் சாப்பிடவும் வேண்டாம். ஆயில் டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. "பிரஷரில் ஆயில் உள்ளே போயிருக்கு" என்ற சொல்லை டியூட்டி டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். புள்ளியை மட்டும் பார்த்தால் அவருக்கும் தெரியாமல் போகலாம்.

லீக் தேட விரல் எதற்கு? ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் ஆயில் அதில் தெறித்துக் காட்டிவிடும். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அந்த மாடலின் கையேட்டில் உள்ளபடி லைனில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் "ஆஃப் பண்ணாமலே பாரு" என்று அவசரப்படுத்தும் முதலாளிகளை எனக்குத் தெரியும். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது ஹெல்பரின் கை.

பக்கெட்டை மெஷினோடு இணைக்கும் இரும்புப் பின்னை மாட்டும்போதும் இதே கதைதான். ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். கேபினில் லீவர் ஒரு நூல் அசைந்தால் விரல் துண்டாகும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடாதீர்கள், திசு உறைந்து கெடும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலில் தசை இல்லாததால், இப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்தால் 12 மணி நேரம் கடந்தும் ஒட்ட வைக்க வாய்ப்புண்டு. மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கெடு 6 மணி நேரம்தான்.