துருப்பிடித்த உமிக்கரி

வங்கதேசத்துக் கிராமங்களில் சில அடிபம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும், சிலவற்றுக்குப் பச்சை. சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார்: 10 மைக்ரோகிராம்தான். அதாவது 1 லட்சம் லிட்டரில் 1 கிராம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தபின் உள்ளங்கைத் தோல் தடித்து முடிச்சு முடிச்சாக வரும்போதுதான் விஷயம் புரியும். குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து தப்பிக்கத்தான் 1970களில் இந்தப் பம்புகளையே பரவலாகப் போட்டார்கள் என்பது இதில் பெரிய சோகம்.

விஷத்தை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், மணலின் மேல் படிந்த இரும்புத் துருவோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றுப் படாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் மட்கைத் தின்னும்போது, ஆக்சிஜன் செய்யும் வேலையை அந்தத் துருவிடம் வாங்கிக்கொள்கின்றன. துரு கரைகிறது, ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது.

சரி, துரு விட்டதைத் துருவை வைத்தே பிடித்தால் என்ன? பிடிக்கலாம். ஆனால் வெறும் துருத்தூளைக் குழாயில் நிரப்பினால் சேறாகி அடைத்துக்கொள்ளும். அதைத் தாங்க மலிவான, துளைகள் நிறைந்த ஏதாவது வேண்டும். நெல் விளையும் ஊரில் உமிக்கா பஞ்சம்?

உமியை அப்படியே போட்டால் பயனில்லை. தண்ணீரில் உமியின் மேற்பரப்புக்கும், ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒரு வடிவமான ஆர்சனேட்டுக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அதனால் காற்றைக் குறைத்துச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். ஒரு காலத்தில் நாம் பல் துலக்கிய அதே உமிக்கரிதான். அப்புறம் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலில் ஊறவைத்துக் காரம் சேர்த்தால், இரும்பு துருவாகக் கரியின் துளைகளுக்குள் படியும். கழுவிக் காயவைத்தால் கறுப்பின் மேல் செம்பழுப்பு பூத்திருக்கும். தண்ணீர் இதனூடே இறங்கும்போது, ஆர்சனேட் துருவிலுள்ள ஹைட்ராக்சிலை (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியை) கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து இரும்போடு நேரடியாகப் பிணைகிறது. சும்மா அலசினால் கழன்று வராது.

ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவத்தில், மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். அது அவ்வளவு லேசில் சிக்காது. முதலில் கொஞ்சம் குளோரின் விட்டு ஆர்சனேட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. பாஸ்பேட் இன்னொரு தொல்லை. கிட்டத்தட்ட அதே உருவம் என்பதால் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டுவிடும். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த சுத்தமான நீரில் கிடைத்த பிரமாதமான எண்கள் கிணற்றுத் தண்ணீரில் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லா இடமும் நிரம்பியபின் அந்தக் கரியை என்ன செய்வது? கரிதானே, உரமாகும் என்று வயலில் கொட்டிவிடத் தோன்றும். நீர் தேங்கி நிற்கும் நெல் வயலின் சேற்றிலும் காற்று இல்லை. துரு மறுபடி கரையும். வெளிவரும் ஆர்சனைட்டை, சிலிக்கா உறிஞ்சும் வழியாகவே நெல் வேர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தீர்ந்த கரியை சிமென்டில் கலந்து இறுக்கிவிடும் முறைகளைச் சோதித்து வருகிறார்கள்.