நான்கு கோப்பைகள்: பஸ்கா இரவு விருந்தில் யார் ஊற்றுவது, எவ்வளவு குடிப்பது

விருந்தினர் உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்து, வலப்பக்கமாக நின்று, பணிவோடு கோப்பையில் ஊற்று. ஹோட்டல் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தருவது இது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா இரவு விருந்தில் யூதரல்லாத பணியாளர் ஒருவர் இதையே செய்தால், அந்த ஒயினை யாரும் குடிக்க முடியாமல் போகலாம். அவர் கை அசுத்தம் என்பதால் அல்ல. யூதச் சட்டத்தில் ஒயினுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிற இந்தியர், இலங்கையர் முதல் ஹோட்டல், கேட்டரிங் பணியாளர் வரை பலர் இந்த இடத்தில்தான் தெரியாமல் தடுக்கி விழுகிறார்கள். அதனால் மேசையின் பின்னாலுள்ள சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம்.

இந்த விருந்துக்குச் செடர் என்று பெயர். எபிரேயத்தில் 'ஒழுங்கு, வரிசை' என்று பொருள். யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 15ஆம் நாள் இரவில் நடக்கும். யூத நாள் சூரியன் மறைந்ததும் பிறந்துவிடுவதால் 14ஆம் தேதி மாலை முடிந்த கையோடு மேசை தொடங்கும். இஸ்ரேலில் ஒரே இரவு. வெளிநாடுகளில் அடுத்தடுத்து இரண்டு இரவுகள். பெரியவர் ஒவ்வொருவரும் நான்கு கோப்பை ஒயின் குடித்தாக வேண்டும், ஆண் பெண் வேறுபாடு இல்லை. தர்மத்தில் சாப்பிடுகிற பரம ஏழைக்கும் நான்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. பைபிளின் யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் நான்கு விடுதலைச் சொற்களே (வெளியே கொண்டுவருவேன், விடுவிப்பேன், மீட்பேன், சேர்த்துக்கொள்வேன்) இந்த எண்ணிக்கைக்குக் காரணம் என்று மிஷ்னாவை விளக்கும் நூலான எருசலேம் தல்மூத் சொல்கிறது.

நான்கையும் எப்போது வேண்டுமானாலும் குடித்துவிட முடியாது. முதல் கோப்பை, பண்டிகையைப் புனிதப்படுத்தும் கிதுஷ் ஆசியோடு. இரண்டாவது, எகிப்திலிருந்து புறப்பட்ட கதையைச் சொல்லி முடித்து, மீட்புக்கான ஆசியைச் சொன்ன பிறகு. மூன்றாவது, சாப்பாட்டுக்குப் பிந்தைய நன்றி ஆசியோடு. நான்காவது, ஹலேல் என்னும் துதிப்பாடல்கள் முடிந்ததும். நான்கையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துக் குடித்தால் கடமை நிறைவேறாது என்பது தல்மூத் காலத்திலேயே முடிவான விஷயம். ஓதுதலோடு சேர்ந்தால்தான் அது கோப்பைக் கணக்கில் வரும்.

இனி அளவு. பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. ஒரு கோப்பை குறைந்தது ஒரு 'ரெவியித்' கொள்ள வேண்டும். அது ஒன்றரை முட்டையின் கன அளவு. முட்டை எந்தக் காலத்து முட்டை என்பதில்தான் சண்டை. ரப்பி (யூத மதகுரு) ஹயிம் நாயே கணக்குப்படி 86 மில்லி. நம்முடைய பழைய அளவில் அரை ஆழாக்கை ஒட்டி வரும். ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ரப்பியின் கணக்கில் 150 மில்லி. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'கோஸ்' (கோப்பை) என்ற சொல்லின் கூட்டுத்தொகை 86, 'கோஸ் ஹகூன்' (தகுந்த கோப்பை) என்பதன் கூட்டுத்தொகை 150. இரு தரப்பாரும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். எந்த வீட்டில் எந்த அளவு என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

நிரப்பிய கோப்பையை முழுதாகக் குடிப்பதே சிறப்பு. முடியாதவர் பாதிக்கு மேல் குடிக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பை பெரிதாக இருந்தால் ஒரு ரெவியித்தின் பெரும்பகுதி போதுமா, அந்தக் கோப்பையின் பெரும்பகுதியே வேண்டுமா என்பதில் சட்டநூல்கள் வேறுபடுகின்றன. கடுமையான கருத்தைப் பின்பற்றுகிறவருக்கு 250 மில்லி ஒயின் கிளாஸை விளிம்புவரை நிரப்பி வைத்தால், ஒவ்வொரு முறையும் 125 மில்லிக்கு மேல் குடித்தாக வேண்டியிருக்கும். மேசை அழகுக்காகப் பெரிய கிளாஸ் வைத்த விருந்துகளில் மூன்றாம் கோப்பைக்குள் தாத்தா பாட்டிகள் திணறிப்போவது இதனால்தான். 90 அல்லது 100 மில்லி பிடிக்கும் சிறு கோப்பையே உத்தமம். வெள்ளியாகவே இருக்க வேண்டியதில்லை. விளிம்பு உடைந்தது மட்டும் கூடாது. காகிதக் கோப்பையைப் பல ரப்பிகள் விரும்புவதில்லை.

உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பதும் பிழை. ஓரிரு மடக்கில், நடுவில் பேச்சுக்கு நிறுத்தாமல் குடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் கருத்துகள் பல உண்டு. சில நிமிடங்களைத் தாண்டினால் அந்தக் கோப்பை சேராது.

கொள்முதல் கணக்கும் இதிலிருந்தே வரும். பத்துப் பேர், ஆளுக்கு நான்கு, 86 மில்லி வீதம் என்றால் 3.44 லிட்டர், 750 மில்லி பாட்டில் ஐந்து. 150 மில்லி வழக்கம் என்றால் 6 லிட்டர், எட்டு பாட்டில். சிந்துவது, மீண்டும் நிரப்புவது, எலியா தீர்க்கதரிசிக்காக நிரப்பி வைக்கும் கோப்பை ஆகியவற்றுக்கு ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்துவையுங்கள். கடை மூடிய பண்டிகை இரவில் குறைந்தால் வழியில்லை.

இப்போது கை பட்ட விவகாரத்துக்கு வருவோம். பழங்காலத்தில் பிற சமயத்தார் ஒயினைத் தங்கள் தெய்வங்களுக்கு வார்த்துப் படைத்தார்கள். அப்படிப் படைத்த ஒயினைத் தொடக்கூடாது என்பது மூலச் சட்டம். பிறகு, கலந்து குடித்துப் பழகித் திருமண உறவுவரை போய்விடும் என்ற அச்சத்தில், யூதரல்லாதவர் கைபட்ட சாதாரண ஒயினுக்கும் தடை விரிந்தது. இதில் ஒரு விலக்கு உண்டு. ஷ்முவேல் என்ற தல்மூத் காலத்து அறிஞரும் அப்லெத் என்ற அவருடைய யூதரல்லாத நண்பரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தபோது ஒயின் வந்தது. அப்லெத் மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டார். இது வேகவைத்த ஒயின், இதற்கு அந்தக் கவலை இல்லை என்றார் ஷ்முவேல். வேகவைத்தது படையலுக்கு ஆகாது என்பதால் தடையும் இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

அந்தச் சொல்தான் இன்று லேபிளில் இருக்கும் 'மெவுஷால்'. எவ்வளவு சூடு என்பதில் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் சொன்ன 175 டிகிரி ஃபாரன்ஹீட் (ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ்) பரவலாகப் புழங்குகிறது. இஸ்ரேலில் சில ரப்பிகள், நொடிக்கணக்கில் சூடாக்கும் பாஸ்டுரைசேஷனை 'வேகவைத்தல்' என்று ஏற்பதில்லை. ஆகவே லேபிளில் மெவுஷால் என்று இருந்தாலும் வீட்டுக்காரர் சொல்லே கடைசிச் சொல். 'லோ மெவுஷால்' என்று இருந்தால் வேகவைக்காதது. அதில் கை வைக்காதீர்கள். லேபிளில் கோஷர் (யூத உணவுச் சட்டப்படி உகந்தது) முத்திரை இருப்பது மட்டும் போதாது, 'பஸ்காவுக்கு உகந்தது' என்ற குறிப்பும் தனியாக இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நான்கு கோப்பைக்கு வேகவைக்காத, சர்க்கரை சேர்க்காத ஒயினே மேல் என்கிறது அதே சட்டம். போதாக்குறைக்கு, பதினாறாம் நூற்றாண்டின் கிராகோ நகரத்து ரப்பி மோசே இசர்லஸ் இன்னொரு வழக்கத்தையும் பதிந்திருக்கிறார்: அந்த இரவில் வீட்டுத் தலைவர் தனக்குத்தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, விடுதலை பெற்ற சீமானைப்போல வேறொருவர் ஊற்ற வேண்டும். ஆக, ஊற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கக் கூடாது. வெறும் கோப்பையோடு ஒருவர் சுற்றுமுற்றும் பார்க்கிறாரே என்று பாட்டிலை நோக்கிக் கை நீட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார்.

மூடி உடைக்காத பாட்டிலைக் கொண்டுவரலாம், அடுக்கலாம், பனிப்பெட்டியில் வைக்கலாம். திறப்பதும் ஊற்றுவதும் குடும்பத்தார் வேலை. திறந்த பாட்டிலை நகர்த்த வேண்டியிருந்தால் அவர்களையே மூடச்சொல்லிவிட்டு எடுங்கள். தூக்கினாலே கெட்டுவிட்டது என்று எல்லாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் அந்த விவாதத்தை மேசையில் கிளப்பாமல் இருப்பதே நல்ல சேவை. ஒருவேளை கை பட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நடந்தது தெரிந்தால் ரப்பி சலுகை காண வழி உண்டு. மறைத்தால் தெரியாமல் குடித்தவருக்கு வருத்தம்தான். மூத்தவர் கை நடுங்கி, நீங்கள்தான் கோப்பையை வாயருகே பிடிக்க வேண்டும் என்ற நிலை பராமரிப்புப் பணியில் அடிக்கடி வரும். அங்கே மெவுஷால் ஒயினோ திராட்சைச் சாறோ ஏற்பாடு செய்யும்படி ஒரு வாரம் முன்பே குடும்பத்திடம் பேசிவிட வேண்டும்.

ஆசி விஷயத்தில் வீட்டுக்கு வீடு மாறும். 'திராட்சைக் கொடியின் கனியைப் படைத்தவர்' என்ற ஆசியை ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகள் நான்கு கோப்பைக்கும் சொல்வார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்டிகள் முதலுக்கும் மூன்றாவதற்கும் மட்டும். முதலில் சொன்னது இரண்டாவதையும் மூன்றாவதில் சொன்னது நான்காவதையும் தாங்கும் என்பது அவர்கள் வாதம். குடித்த பிறகு சொல்லும் ஆசி இரு தரப்பாருக்கும் நான்காவதற்குப் பின் ஒரே ஒரு முறைதான். அதைச் சொல்ல முழு ரெவியித் உள்ளே போயிருக்க வேண்டும். மற்றவற்றில் பாதிக்கு மேல் குடித்துச் சமாளித்தவர்களும் நான்காவதை மிச்சம் வைக்காமல் முடிப்பது அதனால்தான்.

சனிக்கிழமை இரவில் செடர் விழுந்தால் (2025 ஏப்ரல் 12 அப்படித்தான்) முதல் கோப்பையின்மேல் ஐந்து ஆசிகள்: ஒயின், கிதுஷ், விளக்கு, ஓய்வுநாளைப் பிரிக்கும் ஹவ்தாலா, இந்நாளைக் காணச்செய்ததற்கான நன்றி. இவற்றின் எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'யக்னெஹஸ்'. 'முயலை வேட்டையாடு' என்ற ஜெர்மன் தொடர்போல ஒலிப்பதால் பழைய ஹகாடாக்களில், அதாவது செடர் ஓதும் நூல்களில், முயல் வேட்டைப் படம் போட்டிருப்பார்கள். பண்டிகையன்று புதிதாக நெருப்பு உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே எரியும் நீண்டநேர விளக்கு இல்லாவிட்டால் அந்த விளக்கு ஆசிக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமையே ஏற்றிவைத்திருக்க வேண்டும்.

குடிக்கும்போது இடப்பக்கம் சாய வேண்டும், பழங்கால ரோமச் சீமான்கள் மஞ்சத்தில் சாய்ந்து உண்டதுபோல. நாற்காலியின் இடக்கைப் பக்கம் தலையணை வைப்பது இதற்கு. கை இல்லாத விருந்து நாற்காலி போட்டால் எல்லாரும் காற்றில் சாய வேண்டியதுதான். மறந்து நிமிர்ந்து குடித்துவிட்டால்? செபார்டிகள் மறுபடி குடிப்பார்கள். அஷ்கெனாசிகள் இரண்டாம் கோப்பையை ஆசியில்லாமல் திரும்பக் குடிப்பார்கள். மூன்றையும் நான்கையும் தொடமாட்டார்கள், ஐந்தாவது கோப்பை சேர்த்ததுபோல ஆகிவிடும் என்பதால். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒயின் அறவே கூடாது. நான்குக்குப் பிறகு தண்ணீர் போன்றவை மட்டும். எந்த நேரத்திலும் பீர், விஸ்கி எடுத்துவைத்துவிடாதீர்கள். தானியப் புளிப்பு பஸ்கா முழுவதும் விலக்கு.

பத்து வாதைகளைச் சொல்லும்போது இரண்டாம் கோப்பையிலிருந்து விரலால் சொட்டுச் சொட்டாக ஒயினை எடுத்துவிடுவார்கள், வாதைகளுக்குப் பத்து, முன்னும் பின்னும் ஓதும் சொற்களுக்கு மும்மூன்று என மொத்தம் 16 முறை. சிலர் சாய்த்தே ஊற்றுவார்கள். அளவு குறைந்தால் குடிக்கும் முன் மீண்டும் நிரப்ப வேண்டும். அந்தத் தட்டில் விழுந்த ஒயினை யாரும் குடிப்பதில்லை.

நிறத்தில் சிவப்பே விருப்பம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் போலந்தின் தாவிது ஹலேவி செகல், பொய்க் குற்றச்சாட்டுகளுக்கு அஞ்சிச் சிவப்பு ஒயினைத் தவிர்க்கிறோம் என்று எழுதிவைத்தார். யூதர்கள் பஸ்காவுக்கு இரத்தம் சேர்க்கிறார்கள் என்ற அவதூறு அன்று உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. சட்டநூலின் ஓர் ஓரக்குறிப்பில் இவ்வளவு பயம் ஒளிந்திருக்கிறது.

ஒயின் ஆகாதவர்கள் நிலை வேறு. பிடிக்கவில்லை என்றால் வலிந்தாவது குடிக்க வேண்டும். படுக்கையில் விழும் அளவு உடம்புக்குக் கெடுதல் என்றால் கட்டாயம் இல்லை. முதல் இரண்டு கோப்பையும் வெறும் வயிற்றில் போகின்றன என்பதைக் கவனியுங்கள். 12 சதவீத ஒயின் 344 மில்லி என்றால் ஏறக்குறைய 33 கிராம் ஆல்கஹால். திராட்சைச் சாறு மாற்றாகும், ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அது தீர்வல்ல: 100 மில்லிக்கு 15 கிராம் வாக்கில் சர்க்கரை, நான்கு கோப்பைக்கு 50 கிராமைத் தாண்டும். மருத்துவரையும் ரப்பியையும் முன்பே கேட்டு, சிறு கோப்பை, பாதிக்கு மேல் குடிப்பது என்ற குறைந்தபட்ச அளவில் நிறுத்துவது வழக்கம். ஒயினைச் சாறோடு கலக்கலாம். தண்ணீரைத் தாராளமாக விட்டால் ஒயினுக்குரிய ஆசியே கேள்விக்குள்ளாகும். செறிவூட்டிய கூழைத் தண்ணீரில் கரைத்துச் செய்த சாற்றுக்கும் அதே சர்ச்சை உண்டு.

நல்ல ஒயின் கிடைக்காத ஊர்களில் உலர்திராட்சை கைகொடுத்தது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தாரும் கொச்சி யூதர்களும் அதை ஊறவைத்துப் பிழிந்த சாற்றின்மேல் கிதுஷ் சொல்லிவந்தார்கள். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஊறவைக்கும் முன்பே பிழிந்தால் ஈரம் கசிகிற பழமாக இருக்க வேண்டும். ஊறிய பழம் தண்ணீரில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஒட்டிக் காய்ந்துபோன பழத்தில் கிடைப்பது நிறமேறிய தண்ணீர்தான்.

கடைசியில் மேசை நடுவே ஒரு கோப்பை தொடாமல் நிற்கும். எலியா தீர்க்கதரிசிக்கானது. ஐந்தாவது கோப்பை உண்டா இல்லையா என்று தல்மூதின் பாடபேதத்தில் எழுந்த கேள்விக்கு, அவர் வந்து விடை சொல்லட்டும் என்று நிரப்பி வைப்பதாகச் சொல்வார்கள். மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கித் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் இரவெல்லாம் மூடிவைத்து, மறுநாள் பகல் கிதுஷுக்கு அந்த ஒயினையே எடுப்பார்கள்.