சிதைவு அன்று, திரிபு

பழைய கேம்கார்டர் நாடாவைக் கணினிக்கு ஏற்றும்போது படம் கோணினாலும், கோடு கோடாகப் பிரிந்தாலும், முகங்கள் ஒடுங்கித் தெரிந்தாலும், தமிழில் வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்: சிதைவு. 'டிஸ்டார்ஷன்' என்பதற்கு அதுவே தமிழ் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மொரீசியசின் ரோஸ் ஹில்லில் எங்கள் அண்டை வீட்டுப் பாட்டி அச்சொல்லைக் கேட்டு முகம் வாடியதைப் பார்த்த பிறகு, இனியும் வாளாவிருப்பது சரியன்று என்று பட்டது.

அவருடைய கணவர் தைப்பூசத்தில் காவடி எடுத்ததைப் பதிந்த ஐந்து ஹை8 நாடாக்கள் அவரிடம் உள்ளன. என்னிடம் சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படிக்கும் பேரன், மஞ்சள் முனைக் கம்பியையும் ஒரு சிறிய யூஎஸ்பி பெட்டியையும் வைத்துக்கொண்டு அவற்றைக் கணினியில் ஏற்ற முயன்றான். திரையில் காவடியின் மேல்வளைவு மட்டும் வலப்புறமாக இழுபட்டுக் கொடிபோல் ஆடியது. அவன் கைப்பேசியில் ஒரு தமிழ்க் குறிப்பைத் தேடியெடுத்து, "காணொளி சிதைந்துள்ளது" என்று பெருமையோடு வாசித்துக் காட்டினான். "சிதைஞ்சு போச்சா?" என்று கேட்ட பாட்டி, மறுமொழிக்குக் காத்திராமல் நாடாவைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கருச்சிதைவு என்னும் சொல் புழங்குகிற மொழியில் அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? நாடாவை மீண்டும் கேம்கார்டரிலேயே போட்டு அதன் சிறு திரையைத் திறக்கச் சொன்னேன். மயிற்பீலி நேராக நின்றது.

சொல்லின் பிறப்பை நெடிதாகப் பேச வேண்டியதில்லை. இலத்தீனில் 'தோர்க்குவேரே' என்றால் முறுக்குதல். அதிலிருந்து வந்ததே டிஸ்டார்ஷன். நம் தீவில் நாள்தோறும் காதில் விழும் 'தோர்த்யூ' என்னும் பிரெஞ்சுச் சொல்லும் அதே வேரினதுதான். தமிழில் முறுக்குதலுக்குத் திரித்தல் என்பார்கள். கயிறு திரிக்கிறோம், விளக்குக்குத் திரி போடுகிறோம். ஒருவர் சொன்னதை மாற்றிச் சொன்னாலும் 'திரித்துக் கூறினான்' என்கிறோம். முறுக்கு, கோணல், உள்ளது மாறித் தோன்றுதல் ஆகிய மூன்றும் ஏற்கெனவே திரிபு என்னும் சொல்லுக்குள் இருக்கும்போது, அழிவைக் குறிக்கும் சொல்லை ஏன் தேடிப் போகவேண்டும்?

இதற்கு மறுப்புகள் உண்டு. இயற்பியல் பாடநூல்களில் 'ஸ்ட்ரெய்ன்' என்பதற்குத் திரிபு என்று எழுதுகிறார்கள். கொரோனாக் காலத்தில் கிருமியின் புதுவகைகளையும் திரிபு என்றே செய்தித்தாள்கள் எழுதின. ஒரு சொல் மூன்று துறைகளில் வருவதால் குழப்பம் வருமென்றால், முதலில் சிதைவையே விலக்கவேண்டும். அது கதிரியக்கத்திலும் மருத்துவத்திலும் தொல்லியலிலும் ஏற்கெனவே வேலை செய்து களைத்திருக்கிறது. நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பு இதைவிடக் கூர்மையானது: பால் திரிந்தால் மீளுமா என்று கேட்டார். மீளாதுதான். ஆனால் கயிற்றின் முறுக்கைப் பிரிக்கலாம், திரித்துச் சொன்னதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். சிதைந்தது என்று சொன்னபின் அப்படி ஒரு வழிக்கே இடமில்லை. உருக்குலைவு என்பது சிதைவைவிட ஓரளவு மேல் என்றாலும், அதிலும் குலைந்தது பொருள்தான் என்ற எண்ணமே முந்தி நிற்கிறது.

இங்கே குலைந்தது நாடா அன்று. நாடா சுழலும் வேகத்தில் நுண்ணிய ஏற்றத்தாழ்வு இருப்பதால் படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாகத் தொடங்குகிறது. கேம்கார்டரின் சொந்தத் திரையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியும் அதைப் பொறுத்துக்கொள்ளும். பேரனிடம் இருந்ததுபோன்ற மலிவான யூஎஸ்பி மாற்றுப்பெட்டி பொறுத்துக்கொள்ளாது. வரிகளை நேரம் பார்த்து ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றை இடையில் வைத்தால் படம் நிமிர்ந்துவிடும். டிஜிட்டல்8 கேம்கார்டர்களில் சில, பழைய ஹை8 நாடாவையும் படித்து, இந்த ஒழுங்கையும் தாமே செய்து, ஃபயர்வயர் என்னும் இணைப்புக் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும்.

நம் இலக்கணக்காரர்களை நினைத்து வியப்பு வருவதும் இங்கேதான். சொற்கள் புணரும்போது நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது. வாழைப்பழத்தில் ஒரு 'ப்' தோன்றுகிறது. மண்குடம் மட்குடமாகத் திரிகிறது. மரவேரில் 'ம்' கெடுகிறது. கேம்கார்டரும் கணினியும் புணரும் இடத்திலும் இம்மூன்றுமே நிகழ்கின்றன. மேல்வளைவு சாய்ந்தது திரிதல். டிவி (DV) என்னும் டிஜிட்டல் நாடாவின் 720க்கு 576 புள்ளிப் படத்தைச் சதுரப் புள்ளியாகக் கொண்டு காட்டினால் முகங்கள் ஒடுங்குவதும் திரிதலே. வேகமாக ஆடும் காவடியின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் எழுவது தோன்றல். நொடிக்கு 25 படமாகத் தெரிவது உண்மையில் 50 அரைப்படங்கள் என்பதாலும், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் பிடிக்கப்பட்டவை என்பதாலும், இரண்டையும் ஒருசேரக் காட்டும்போது நாடாவில் இல்லாத சீப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வன்தட்டு ஈடுகொடுக்க முடியாமல் நடுநடுவே படங்கள் விடுபட்டு, நடப்பவர் திடீரென்று இரண்டடி தாண்டிப் போவது கெடுதல். இலக்கணத்தில் கெடுதல் என்றால் அழுகுதல் அன்று, இல்லாமற்போதல் என்பதை நினைவிற்கொள்க. இம்மூன்றையும் அள்ளிச் சிதைவு என்ற ஒரே கூடையில் போட்டால், எதற்கு எந்த மருந்து என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதோடு முடியவில்லை. அரைப்படத்தை அவர்கள் 'புலம்' என்கிறார்கள். ஆங்கில அகராதியில் 'ஃபீல்ட்' என்னும் சொல்லுக்கு வயல், புலம் என்று இருந்ததால் வந்த வினை. 'கேப்சர்' என்பதைக் 'கைப்பற்று' என்று எழுதி, தாத்தாவின் காவடியைப் படையெடுத்துப் பிடிப்பதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். 'கணினிக்கு ஏற்று' என்றால் போதாதா? அமைப்புப் பட்டியலில் பால் (PAL), என்டிஎஸ்சி, செக்காம் ஆகிய வண்ணத் தொலைக்காட்சி முறைகளைக் காட்டிவிட்டு, தவறானதைத் தேர்ந்தால் 'காட்சி சிதையும்' என்று மிரட்டுகிறார்கள். மொரீசியசில் ஒளிபரப்பு நெடுங்காலம் செக்காம் முறையில் இருக்க, பலர் வீட்டுக் கேம்கார்டர் பால் முறையில் பதிந்ததால், இந்தத் தேர்வில் இங்கே எவரும் தடுமாறக்கூடும். தவறினால் நிறம் போகும் அல்லது படம் உருளும், அவ்வளவுதான். சரியானதைத் தேர்ந்து மீண்டும் ஏற்றினால் ஆயிற்று.

தமிழ்நாட்டில் ஒரு சொல் தவறினால் அடுத்த கடைப் பலகை அதைத் திருத்திவிடும். இங்கே எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, தமிழெழுத்தை ரூபாய்த்தாளிலும் கோயில் அறிவிப்பிலும் வகுப்புப் புத்தகத்திலும் மட்டும் பார்க்கிறார்கள். குறிப்பில் கண்ட சொல்லை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

சிதைவு என்னும் சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கும் உரிய இடம் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்த நாடா சிதைந்ததுதான். காந்தப்பூச்சு உதிர்ந்தாலும் அப்படியே. பாட்டியின் ஐந்து நாடாக்களையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒன்றின் கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தில் வெண்புள்ளிகள் தெரிந்தன. அதைக் கருவியில் போடாமல் தனியே எடுத்துவைத்து, உறையின் மேல் 'சிதைவு' என்று பேரனையே எழுதச் சொன்னேன். மற்ற நான்கின் மேலும் அவன் எழுதினான்: 'திரிபு, மீண்டும் ஏற்றவேண்டும்.'