பிடுங்கிய அன்றே பல் செட்: எப்படிப் பொருந்துகிறது, ஏன் தளர்கிறது?

மதுரைப் பக்கம் முகூர்த்த மாதம் நெருங்கினால் பல் டாக்டர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஆடுற பல்லையெல்லாம் எடுத்துட்டு அன்னைக்கே செட்டை மாட்டி விட்ருவீங்களா? பொக்கை வாயோட மண்டபத்துல போய் எப்படி உக்கார்றது?"

முடியும். கிளினிக்கில் இதை 'இமீடியட் டென்சர்' என்பார்கள். உடனடி பல் செட் என்று வைத்துக்கொள்வோம். பல்லை எடுத்த கையோடு, அதே நாற்காலியில், புதுச் செட்டை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண செட் என்றால் பல்லை எடுத்து, புண் ஆறி, ஈறு படிந்த பிறகு அளவெடுத்துச் செய்வார்கள். உடனடி செட்டைச் செய்து முடிக்கும் நாளில் பற்கள் இன்னும் வாயில்தான் இருக்கின்றன. செட் எந்த மேட்டின் மேல் உட்கார வேண்டுமோ அந்த மேடே இன்னும் உருவாகவில்லை. இல்லாத இடத்துக்கு எப்படி அளவெடுப்பது? இதற்கான பதில் தெரிந்தால், அந்தச் செட் மூன்று மாதத்தில் ஏன் லொடலொட என்று ஆகிறது என்பதும் புரிந்துவிடும். அது புரியாமல் நல்ல செட்டைக் குறை சொல்லி அலமாரியில் போட்டுவிட்டு, வெறும் ஈறோடு கஞ்சி குடித்துக் காலம் தள்ளுகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான முறையில் எல்லாப் பல்லையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. முதலில் கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் ஆற விடுவார்கள். பின்பக்கம் ஈறு கெட்டிப்பட்டுவிட்டால் செட் தாங்கி நிற்க ஒரு திடமான இடம் கிடைத்துவிடும். வெளியே தெரிகிற முன்பற்கள் அதுவரை வாயில் இருக்கும், முகத்தோற்றம் கெடாது. மேல் தாடையும் கீழ் தாடையும் எந்த உயரத்தில் சந்திக்கின்றன என்ற கணக்கும் கையில் இருக்கும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் நின்றால் டாக்டர் தயங்குவது இதனால்தான். மூன்று மாதம் முன்பே போய்விட வேண்டும்.

அளவெடுக்கும் பொருளில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. சில கடைகளில் ஜிகர்தண்டாவில் போடுகிறார்களே கடல்பாசி, அந்த அகர்தான் ஒரு காலத்தில் பல் அளவெடுக்கப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் நின்றுபோகவே, பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டுக்கு மாறினார்கள். மண்டபம், ராமேசுவரம் கடலோரத்தில் சேகரிக்கும் பாசிகளில் ஆல்ஜினேட் தருகிற வகையும் உண்டு. அந்த மாவைத் தண்ணீரில் குழைத்தால், அதிலுள்ள கால்சியம் நீண்ட ஆல்ஜினேட் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும்; இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வருகிற ஊரில், குளிர்ந்த தண்ணீரை எடுத்து வைத்துக் குழைக்க வேண்டியிருக்கிறது. அளவை எடுத்து வெளியே வைத்தால் ஈரம் போய்ச் சுருங்கும். அதனால் தாமதிக்காமல் அதில் டென்டல் ஸ்டோன் என்கிற கெட்டி ஜிப்சத்தை ஊற்றி, வாயின் அச்சை எடுத்துவிடுவார்கள்.

(இந்தக் கட்டத்திலேயே சிலருக்குச் சிரமம் தொடங்கிவிடும். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, வெற்றிலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு சேர்த்துப் பல வருடம் மெல்லும் பாக்கு, கன்னத்தின் உட்சதையை நாராக்கி இறுக்கிவிடும். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதவர்களுக்கு அளவெடுக்கும் தட்டை உள்ளே நுழைப்பதே பெரும்பாடு.)

அடுத்த வேலை லேப்பில். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி லேப்பில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேசை விளக்குக்கு அடியில் ஜிப்சம் அச்சு. அதில் ஆறு முன்பற்கள், நோயாளியின் வாயில் இருப்பது போலவே கோணலும் இடைவெளியுமாக. டெக்னீஷியன் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். டாக்டர் சீட்டைப் பார்த்து, அதற்குக் கீழே இன்னொரு கோடு. பிறகு கத்தியால் ஜிப்சப் பல்லை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டி வளைவாக்கினார். ஒரு பல் இருந்த இடத்தில் மட்டும் மற்றதைவிட ஆழமாக வெட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்தப் பல்லு ரொம்ப ஆடுதுன்னு டாக்டர் எழுதியிருக்காருண்ணே. எலும்பு ஏற்கெனவே இறங்கிப்போயிருக்கும். பல்ல எடுத்தா ஈறு அவ்வளவு தூரம் உள்ள விழும்" என்றார்.

இல்லாத இடத்துக்கு அளவெடுக்கும் வித்தை இதுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் பை விழுந்திருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு பல்லாக அளந்து எழுதித் தருகிறார். அதை வைத்து, பல் போனபின் ஈறு எங்கே போய் நிற்கும் என்று லேப்பில் முன்கூட்டியே செதுக்குகிறார்கள். அந்தச் செதுக்கலின் மேல்தான் செட் உருவாகிறது. எவ்வளவு கைதேர்ந்தவர் செதுக்கினாலும் இது கணிப்புதான். ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும்.

செட்டின் இளஞ்சிவப்பு உடம்பு அக்ரிலிக் பிளாஸ்டிக். 1930களின் பிற்பாதியிலிருந்து உலகம் முழுக்க இதுதான். பொடியையும் திரவத்தையும் பிசைந்து அச்சில் அழுத்தி, சுமார் 74 டிகிரி வெந்நீரில் நேரம் எடுத்து வேகவைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சட்டென்று கொதிக்க வைத்தால், உள்ளே இருக்கும் திரவமும் 100 டிகிரியை ஒட்டிக் கொதித்து, செட்டுக்குள் குமிழ் குமிழாக ஓட்டை விழுந்துவிடும். அந்த ஓட்டைகளில் பின்னால் அழுக்கும் கிருமியும் குடியேறும்.

பல் எடுக்கும் நாளில் பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, முன்பற்களை எடுத்து, கூராக நிற்கும் எலும்பு ஓரங்களை மழித்து, தேவையான இடத்தில் தையல் போட்டு, செட்டை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் 24 மணி நேரம்தான் முக்கியம். அந்த ஒரு நாள் செட்டை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. ராத்திரி கனமாக இருக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கழற்றி வைத்தால் தேவலை என்று தோன்றும். வேண்டாம். செட் அப்போது புண்ணின் மேல் ஓர் அழுத்தக் கட்டாகவும் வேலை செய்கிறது. பல் குழியில் உறைந்த ரத்தத்தைக் காப்பாற்றி, வீக்கத்தையும் அடக்கி வைக்கிறது. கழற்றிவிட்டால் ஈறு வீங்கிக்கொள்ளும், செட் திரும்ப ஏறாது.

மறுநாள் டாக்டரே கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தை ராவி விடுவார். முதல் நாள் வாய் மரத்துப்போயிருப்பதால், சரியாகக் கடிக்கிறோமா என்று நமக்கே தெரியாது. கடிப்பின் கணக்கைச் சரிபார்ப்பதும் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான். அப்புறம் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கலாம். ஒரு வாரம் போல ராத்திரியும் போட்டிருந்துவிட்டு, பிறகு தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் மாட்டியே இருந்தால் அடியில் காளான் தொற்று வந்து அண்ணம் சிவந்துபோகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கொதிக்கும் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், அக்ரிலிக் வளைந்துவிடும்.

சாப்பாடு என்றால் முதல் சில நாள் குழைந்த ரசம் சாதம், ஆறிய கேப்பைக்கூழ், சாம்பாரில் ஊறிய இட்லி. ஜிகர்தண்டா குடிக்கலாம், ஆனால் ஸ்பூனால். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் வாய்க்குள் ஏற்படும் இழுப்பில் பல் குழியில் உறைந்த ரத்தம் பிய்ந்துவரலாம். அது போனால் எலும்பு திறந்து கிடக்கும், அந்த வலி காது வரைக்கும் தெறிக்கும். பேச்சும் கொஞ்ச நாள் தடுமாறும். த, ந சொல்ல நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் போய்த் தொட வேண்டும்; அங்கே இப்போது புதுச் சுவர் நிற்கிறது. ழ, ள சொல்ல நாக்கு வளைந்து போகிற அண்ணத்திலும் இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக். தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்தால் ஓரிரு வாரத்தில் நாக்கு புது அளவைப் படித்துக்கொள்ளும்.

சரி, இந்தச் செட் எதனால் ஒட்டி நிற்கிறது? கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு எவர்சில்வர் தட்டுகள் லேசில் பிரியாது, பார்த்திருப்பீர்கள். நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் பிடித்துக்கொள்கிறது. செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே எச்சில் படலம் அதைத்தான் செய்கிறது. படலம் எவ்வளவு மெல்லிசோ, பரப்பு எவ்வளவு பெரிசோ, பிடி அவ்வளவு பலம். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் சேர்ந்து சுமார் 23 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கிறது. கீழ் செட்டுக்கு நாக்குக்கு இடம் விட்டது போக ஏறத்தாழ 12 தான். போதாததற்கு நாக்கும் கன்னமும் அதை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் செட் நன்றாக இருக்கிறது, கீழ் செட்தான் தொல்லை என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வது இதனால்தான். அது செய்தவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

தளர்வுக்கு வருவோம். தாடையில் பல்லைச் சுற்றி நிற்கும் எலும்பு, பல்லுக்காகவே இருப்பது. மெல்லும் ஒவ்வொரு முறையும் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்கள் அந்த எலும்பை இழுத்து, அது உயிரோடு இருக்கக் காரணம் கொடுக்கின்றன. பல்லை எடுத்ததும் அந்த இழுப்பு நின்றுபோகிறது, நார் வழியாக வந்த ரத்த ஓட்டமும் போகிறது. குழிக்குள் புது எலும்பு நிரம்பிக்கொண்டிருக்கும்போதே, வெளிப்பக்கத்துச் சுவர் கரையத் தொடங்கிவிடும். பல் எடுத்த இடத்தில் எலும்பு மேட்டின் அகலம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். அந்தக் குறைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. செட் அப்படியே இருக்கிறது, அடியில் தரை இறங்குகிறது. எச்சில் படலம் தடித்து, பிடி விடுகிறது.

ஆகவே மூன்றாம் மாதம் செட் ஆடுவது எதிர்பார்த்த ஒன்றுதான். அதற்கு மருந்தும் உண்டு. முதல் சில மாதங்களில் செட்டின் உள்பக்கம் மெத்தென்ற ஒரு பூச்சைப் பூசி இடைவெளியை நிரப்புவார்கள். அது சில வாரங்களில் இறுகிவிடும், மாற்றிப் பூச வேண்டும். ஆறு மாதம் போல எலும்பு கரைவது மட்டுப்பட்டபின், செட்டின் உள்பக்கத்தைக் கெட்டி அக்ரிலிக்கால் நிரப்பி ஈறுக்குப் பொருத்துவார்கள் (இதை 'ரீலைன்' என்பார்கள்), அல்லது புதுச் செட்டே செய்வார்கள். ஆக, முதல் செட் வழிச்செலவு மாதிரி. இதை அளவெடுக்கும் நாளிலேயே டாக்டர் சொல்லிவிட வேண்டும், செலவுக் கணக்கிலும் சேர்த்துவிட வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறவரிடம் "அடிக்கடி வந்து காட்டுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வரமாட்டார். எந்த மாதம், எதற்கு, எவ்வளவு ஆகும் என்று சொன்னால் வருவார். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. கீழவெளி வீதியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் பொதுவாகச் செலவு குறைவு, நேரம் அதிகம்.

உறுத்துகிறது என்று வீட்டில் பிளேடாலும் உப்புத்தாளாலும் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு நாலு நாள் கழித்து டாக்டரிடம் போவதும் பலன் தராது, அதற்குள் புண் மறைந்திருக்கும். போவதற்குச் சில மணி நேரம் முன்பு மாட்டிக்கொண்டு போனால், உறுத்தும் இடம் சிவந்து தெரியும். அவர் சரியாக அந்த இடத்தில் ராவுவார். இன்னொன்று, படிப்பு இல்லாத ஆட்கள் ஒரே நாளில் கட்டித் தருகிற 'பிக்ஸட்' பல்லையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் சீக்கிரம் இறுகும் அக்ரிலிக்கை அழுகிய வேரின் மேலேயே அப்பி, பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது கீழ்த்தாடையைப் பற்றி. டால்கிரென் என்ற ஆய்வாளர் முழு செட் போட்டவர்களை 25 வருடம் வரை பின்தொடர்ந்து 1972இல் எழுதினார். கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைந்திருந்தது. பிடி ஏற்கெனவே குறைவாக இருக்கிற பக்கத்தில்தான் தரையும் வேகமாக இறங்குகிறது. "ஒண்ணு ரெண்டு எதுக்கு, எல்லாத்தையும் எடுத்துருங்க" என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு கோரைப்பற்களின் வேர் உறுதியாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, அந்த வேர்களை உள்ளேயே வைத்துக்கொண்டு அவற்றின் மேல் செட் போடலாம். இதையும் உடனடி செட்டாகவே செய்ய முடியும். 1978இல் வந்த ஓர் ஐந்தாண்டு ஆய்வில், அப்படி வேரைக் காப்பாற்றியவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதியில் சராசரியாக 0.6 மில்லிமீட்டர் எலும்புதான் போயிருந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். வேரைச் சுற்றிய நார்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் எலும்பு நிற்கிறது. கடிக்கும் அழுத்தமும் கொஞ்சம் உணர முடிகிறது. அந்த வேர்களைத் தினமும் துலக்க வேண்டும், சொத்தை விழாமல் பார்க்க வேண்டும், செலவும் கூடும். இருந்தாலும் கீழ்ப்பல் எல்லாவற்றையும் எடுக்க நாள் குறிப்பதற்கு முன்னால், கோரைப்பல் வேர் இரண்டும் தேறுமா என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.