‘வெப்ப சிகிச்சை’ அன்று, வெப்பப் பதமிடல்

கையால் சட்டைப்பைக் கத்தி செய்யும் ஒருவரின் காணொளிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், உலையிலிருந்து செக்கச்செவேலென வெளிவந்த தகட்டைக் காட்டி, ‘இப்போது கத்திக்கு வெப்ப சிகிச்சை அளிக்கப்படுகிறது’ என்றார். இந்தத் தொடரைக் கேட்பது எனக்கு முதல்முறை அன்று. எஃகைச் சூடேற்றியும் ஆறவைத்தும் அதன் தன்மையை மாற்றுவதை ஆங்கிலத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் என்பார்கள். கருவிகளை விற்கும் தளங்களிலும் இயந்திர உறுப்புகளின் விவரக் குறிப்புகளிலும் அதற்கு இதுவே நிலைபெற்று வருகிறது. பிழை வழக்காகிவிடுவதற்கு முன் இதைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

சொல்லின் வேர் எளிது. ட்ரீட் என்பது லத்தீன் மொழியில் ‘கையாளுதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. மருத்துவம் அதன் பல கிளைப்பொருள்களுள் ஒன்று. சிகிச்சை என்னும் வடசொல்லோ தமிழில் நோய் தீர்ப்பதை மட்டுமே குறிக்கிறது.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதே இங்கு நடந்திருக்கிறது. விதைக்குச் செய்யும் ட்ரீட்மென்ட்டை நம் வேளாண்மைத் துறையினர் ‘விதைச் சிகிச்சை’ என்று சொல்லவில்லை. ‘விதை நேர்த்தி’ என்றார்கள், உழவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தோலுக்குச் செய்வது பதனிடுதல், கழிவுநீருக்குச் செய்வது சுத்திகரிப்பு. ஒவ்வொரு தொழிலிலும் அந்தப் பொருளுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தே சொல் அமைந்திருக்கிறது. எஃகுக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் இல்லாமற்போயிற்று? எஃகு நோயுற்றிருக்கவில்லை, பழைய நிலைக்கு மீட்கப்படவும் இல்லை. முன்பு இல்லாத ஒரு தன்மை அதற்குத் தரப்படுகிறது. மேலும் ‘வெப்ப சிகிச்சை’ என்றால் மூட்டுவலிக்கு வெந்நீர்ப்பை ஒத்தடம் கொடுப்பது என்றே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். அந்தப் பொருளில் அத்தொடர் சரியானதும்கூட. ஒரே தொடரை இரண்டு துறைகளுக்கும் கொடுத்தால் இரண்டிலும் தெளிவு கெடும்.

‘கடினப்படுத்துதல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது பாதி உண்மை என்பதைத் தொழிலைப் பார்த்தால்தான் உணர முடியும். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் கத்தி செய்யப் பழகுவோர் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் 1084 என்னும் எஃகில் கரிமம் சுமார் 0.84 விழுக்காடு. இதை ஏறத்தாழ 815 பாகை செல்சியசுக்குச் சூடேற்றுவார்கள். வெப்பமானி இல்லாதவர்கள் காந்தத்தைத் துணைக்கொள்வார்கள்: 770 பாகையளவில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமற்போகும், அதற்குச் சற்று மேலே போனால் போதும். பிறகு இளஞ்சூடான எண்ணெயில் சட்டென்று முக்குவார்கள். அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் மார்ட்டென்சைட் எனப்படும் அமைப்பு அப்போது உண்டாகிறது. கத்தி இப்போது மிகக் கடினமானது. ஆனால் கீழே விழுந்தாலே கண்ணாடிபோல் உடையக்கூடியது. ஆகவே ஆறியவுடன் 200 பாகையளவில் இரண்டு மணிநேரம் வீதம் இரண்டு முறை சூட்டில் வைப்பார்கள். டெம்பரிங் எனப்படும் இந்தப் படி கடினத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடையாத உறுதியை வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் படியையும் சேர்த்துக் ‘கடினப்படுத்துதல்’ என்றால் செயலுக்கு நேர்மாறான பெயர் வைத்ததாகும்.

முக்கும் படிக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கொல்லுப்பட்டறையில் அதற்குத் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் பெயர் உண்டு. செய்தியோ இன்னும் பழையது. ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்பு உண் நீரினும் மீட்டற்கு அரிது’ என்று புறநானூற்றின் 21ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார் கானப்பேர்க் கோட்டையைப் பற்றிப் பாடுகிறார். காய்ந்த இரும்பு குடித்த நீரைத் திரும்பப் பெற முடியாது என்பதைக் கேட்போர் உடனே அறிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கிறது. இத்தனை காலம் அறிந்த ஒரு செயலுக்கு ‘விரைவுக் குளிரூட்டல்’ என்று எழுதுவதைக் கண்டு வருந்துகிறேன். அத்தொடர் குளிர்பதனப் பெட்டியைத்தான் நினைவூட்டுகிறது.

டெம்பரிங் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு, அளவாகக் கலத்தல், மட்டுப்படுத்தல் என்பன பொருள். இதற்கு நம்மிடம் ‘பதம்’ இருக்கிறது. பாகு கம்பிப் பதத்திற்கு வந்தது என்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், வேண்டிய இடத்தில் நிற்பதே பதம். சூடேறும் எஃகின் மெருகிட்ட முகத்தில் முதலில் வைக்கோல் மஞ்சளும், பின் பழுப்பும், ஊதாவும், 300 பாகையை நெருங்கும்போது நீலமும் படர்வதைப் பார்த்து நிறுத்தும் கைவினைஞரும், சர்க்கரைப் பாகை விரலில் தொட்டுப் பார்த்து இறக்குபவரும் ஒரே வகையான கணிப்பைத்தான் செய்கிறார்கள். ‘பதப்படுத்துதல்’ என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அது இன்று உணவு கெடாமல் காப்பதற்கே ஆகிவிட்டது. ஆகவே முழுச் செயலுக்கு வெப்பப் பதமிடல், முக்குவதற்குத் தோய்ச்சல், பின்னர் அளவாகக் கடினத்தைக் குறைப்பதற்குப் பதமிறக்கல் என்று கொள்வதே தெளிவு என்பது என் முடிவு. டெம்பரிங்கைத் ‘தாளித்தல்’ என்று மொழிபெயர்த்த ஒரு குறிப்பையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலச் சமையல் குறிப்பில் பொருந்தியதை உலைக்கூடத்திற்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால்கூட அது அச்சேறியிராது.

சோதனைக்கும் ‘பதம்’ என்ற சொல்லே கைகொடுக்கிறது. ராக்வெல் சி அளவையில் 120 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பை 150 கிலோ விசையில் அழுத்தி, பதிந்த ஆழத்தைக் கொண்டு கடினத்தை அளப்பார்கள். பதமிறக்கிய 1084 கத்தி ஏறத்தாழ 60 காட்டும். அது கடினத்தின் எண் மட்டுமே, உறுதியின் எண் அன்று. இரண்டையும் ‘கடினத்தன்மை’ என்றே எழுதுவது இன்னொரு குழப்பம். அந்தக் கருவி இல்லாதவர் தோய்ச்சல் முடிந்ததும் அரத்தை வைத்து இழுப்பார். பிடிக்காமல் வழுக்கினால் எஃகு கடினமேறியிருக்கிறது. பதமிறக்கித் தீட்டிய பின், பித்தளைக் கம்பியின் மேல் கத்தியின் விளிம்பைச் சாய்த்து அழுத்திப் பதம் பார்ப்பார். விளிம்பு வளைந்து மீண்டால் பதம் சரி. சில்லு தெறித்தால் இன்னும் சற்றுக் கூடுதல் சூட்டில் பதம் இறக்க வேண்டும். வளைந்தபடியே நின்றுவிட்டால் மறுபடியும் தோய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டும்.