குட்டியைத் தொட விடாத மையம் தான் நல்ல மையம்

மழைக்காட்டுல இருக்கற விலங்கு மீட்பு மையத்துக்குப் போய்ட்டு வர்றவங்க என்கிட்ட சொல்ற குறை பெரும்பாலும் ரெண்டு தான். கிட்டயே விடல, இவ்ளோ தூரம் போயும் ஒண்ணு ரெண்டு தான் வந்துச்சு. வனவிலங்கு மருத்துவரா சொல்றேன், ரெண்டுமே அந்த மையம் ஒழுங்கா நடக்குதுங்கறதுக்கு அடையாளம்.

மலேசியாவுல சபா மாநிலத்துல சண்டக்கான் பக்கம் இருக்கற செபிலோக்கையே எடுத்துக்கோங்க, 1964லேர்ந்து நடக்குது, தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்து திரும்ப காட்டுல விடறாங்க. காட்டை வெட்டி பாமாயில் எடுக்கற செம்பனை போடறப்பவோ, குட்டியைப் பிடிச்சு விக்கறதுக்காகவோ தாயைக் கொன்னுடறாங்க, அப்படி அனாதையாகற குட்டி தான் இங்க வருது. காட்டுல ஒரு குட்டி அம்மாவோட ஆறேழு வருஷமாவது இருக்கும். எந்தப் பழம் எப்ப பழுக்கும், எந்தப் பட்டையை உரிச்சுத் திங்கலாம், பொழுது சாயறப்ப கிளையை மடக்கி எப்படி கூடு கட்டறது, எல்லாம் அம்மாவைப் பாத்துப் பாத்து வர்றது. அதை மனுஷங்க சொல்லிக் குடுக்கணும், அதே சமயம் மனுஷங்க மேல ஒட்டுதலும் வந்துடக் கூடாது. ஆளைக் கண்டா பயமில்லாம கிட்ட வர்ற ஒராங்குட்டான் நாளைக்கு ஏதாவது தோட்டத்துக்குள்ள போய் நின்னா அதோட கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அங்க காலைலயும் மதியமும் மேடைல பழம் வைப்பாங்க. வேணும்னே தான் பெரும்பாலும் ஒரே மாதிரி சாப்பாடு, அது சலிச்சுப் போய் தானா காட்டுல தேடிப் போகணும்னு தான். காட்டுல பழ சீசன்னா மேடைப் பக்கம் எதுவுமே எட்டிப் பாக்காது, நீங்க வெறும் கயிறையும் மேடையையும் பாத்துட்டு வருவீங்க. அன்னிக்கு அங்க வேலை பாக்கறவங்களுக்கு ரொம்ப சந்தோஷமான நாள்ங்க அது!

நோய் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கவலை இதுல தான். ஒராங்குட்டானோட மரபணு கிட்டத்தட்ட 97 சதவீதம் நம்மளோடது மாதிரியே, அதனால நம்ம சளி, காய்ச்சல், காசநோய் எல்லாம் அதுக்கும் ஒட்டும். நமக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகற சளி ஒரு குட்டிக்கு நிமோனியாவா மாறலாம், காட்டுல விட்டதுக்கு வந்தா அது மத்ததுக்கும் பரவும். லேசா தொண்டை கரகரன்னு இருந்தாலும் டிக்கெட்டை விட்டுடுங்க ப்ளீஸ். பை, சாப்பாடு, கொசு மருந்து எல்லாம் லாக்கர்ல வைக்கச் சொன்னா மல்லுக்கட்டாதீங்க, குரங்கு பிடுங்கி வாயில வச்சுடும்.

பக்கத்துலயே சூரியக் கரடிக்கு ஒரு மையம் இருக்கு, வோங் சியூ தேன்னு ஒரு வனவிலங்கு ஆய்வாளர் 2008ல ஆரம்பிச்சது. உலகத்துலயே சின்ன கரடி இது தான், நெஞ்சுல மஞ்சளா ஒரு பிறை, தேன் நக்கறதுக்கு நீளமான நாக்கு, மரம் ஏற வளைஞ்ச நகம். குட்டில பொம்மை மாதிரி இருக்குன்னு வாங்கி வளப்பாங்க, வளந்ததும் அந்த நகத்துக்கும் பல்லுக்கும் பயந்து கூண்டுல போட்டுடுவாங்க, அப்படி சிமெண்ட் தரையிலயே வருஷக்கணக்கா கிடந்த கரடிக்கு மண்ணுல கால் வைக்கறதே பயமா இருக்கும்.

மீட்பு மையம்னு போர்டு மாட்டிட்டு குட்டியை மடில வச்சு செல்ஃபி எடுக்க விடற இடங்களும் நிறைய இருக்கு. அங்க போனா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, எப்ப வந்தாலும் குட்டி மட்டும் தானே இருக்கு, போன வருஷத்துக் குட்டி எல்லாம் இப்ப எங்க? நேரா பதில் வரலைன்னா திரும்பி வந்துடுங்க.

அப்புறம் யாராச்சும் கட்டி வச்சு விக்கறதைப் பாத்தா பாவமேன்னு காசு குடுத்து வாங்கிடாதீங்க, அந்தக் காசுல அடுத்த குட்டியைப் பிடிக்கப் போவான். வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்க, சபாவுல 1997 சட்டப்படி ஒராங்குட்டானும் சரி சூரியக் கரடியும் சரி முழுப் பாதுகாப்புல இருக்கறது, வீட்டுல வச்சிருந்தாலே குற்றம்.